கோடைக்கு மாற்றாத கடிகாரம்

பள்ளிப் பேருந்துகளுக்கு எண்ணெய் மாற்றுவது என் வேலை.
மின்னல் என் வேலையில்லை.
ஆனாலும் மே மாதம் பிறந்துவிட்டால்
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
மேற்கே ஒருமுறை பார்க்காமல்
நான் சாப்பிட உட்காருவதில்லை.

அன்று காற்று தெற்கிலிருந்து வந்தது,
வெந்நீரில் முக்கிய துண்டுபோல் கழுத்தில் ஒட்டியது.
ஐந்து மணிக்கு மேகம் கிளம்பியது.
ஏழு மணிக்கு அதன் தலை தட்டையாகி
கொல்லன் பட்டடையாய் நின்றது.
விலாவில் இன்னும் வெயில்,
வயிற்றில் இரவு.

சரளைச் சாலை ஓரம் பிக்கப்பை நிறுத்தி
ஜன்னலை நாலு விரல் இறக்கி
கேமராவைக் கண்ணாடி விளிம்பில் கவ்வவைத்தேன்.
வெளியே முக்காலி நட்டு நின்ற ஒருவனை எனக்குத் தெரியும்.
இடது பக்கமிருந்து கூப்பிட்டால்
அவன் இப்போது திரும்புவதில்லை.

தூரத்துப் பண்ணை விளக்கில் குவியம் பிடித்து
லென்ஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டினேன்.
பன்னிரண்டு நொடி திற. மூடு. திற.
மின்னலைப் பார்த்தபிறகு விரலை அழுத்தினால்
கிடைப்பது இருட்டு.
வருமுன்பே திறந்து வைத்திருக்க வேண்டும்,
அதுவாக வந்து விழும்வரை.
மூன்று கோடைக் கறுப்புப் படங்கள்
எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

முந்நூற்றுப் பதினாறு படம்.
மேகத்துக்குள்ளேயே புகைந்த வெளிச்சம்.
லென்ஸில் வழிந்த மழை.
எதிரே வந்த லாரியின் விளக்கு.
பேட்டரி மாற்றும்போது வானம் முழுக்க வேர்விட்ட ஒன்று,
அதை யாரும் நம்பவில்லை,
நானே பாதிதான் நம்புகிறேன்.

முந்நூற்றுப் பதினேழில்
தனித்து நின்ற காட்டன்வுட் மரத்தின் உச்சியில்
அது இறங்கியது.
வெள்ளை. பிறகு ஊதா.
பிறகு கதவுக் கைப்பிடிவரை வந்த சத்தம்.
ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி நான் கத்தினேன்.
சந்தோஷத்தில் கத்தினேன்.
இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை அச்சிட்டு ஷெட் சுவரில் ஒட்டினேன்.
ஓட்டுநர்கள் காபிக் கோப்பையோடு வந்து விசிலடித்தார்கள்.
புதன்கிழமை எல்டன் குசெரா வந்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"அது என் மரம்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இதைப் பெரிதாக்க முடியுமா?"

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன்.
மின்னல் திரைக்கு வெளியே போனது.
புல்லின் விளிம்பில், மரத்தின் அடியில்,
மழைக்கு முதுகைக் கொடுத்தபடி
மிளகு மிளகாய்க் கறுப்பு.
திரையைத் தொடாமல் விரலால் எண்ணினார்.
ஒன்பது. கன்றோடு பத்து.
"எல்லாம் நின்றுகொண்டிருக்கின்றன" என்றார்,
அவற்றைப் படுத்த நிலையில் மட்டுமே பார்த்தவர்.

காப்பீட்டுக்காரருக்குத் தேதியும் நேரமும் வேண்டுமாம்.
எட்டு இருபத்திரண்டு என்றது கேமரா.
கோடை நேரத்துக்கு நான் அதை மாற்றவே இல்லை;
மார்ச்சிலிருந்து ஒரு மணி பின்னால் நடக்கிறது.
ஒன்பது இருபத்திரண்டு என்று காகிதத்தில் திருத்தி
கையெழுத்துப் போட்டேன்:
லோர்னா வெசெலி, மெக்கானிக்.

"எட்டு இருபத்திரண்டுக்கு" என்று அவராகவே சொன்னார்,
"தண்ணீர்த் தொட்டியருகே நின்றன.
அப்போதுதான் தூறல்.
ஒன்றுகூட மரத்தின் பக்கம் திரும்பவில்லை."

அச்சிட்ட படத்தைச் சுருட்டி எடுத்துப் போனார்.
சுவரில் நான்கு டேப் துண்டுகள் மிச்சம்.

இரண்டு பொத்தான் அழுத்தினால்
கடிகாரம் சரியாகிவிடும்.
நான் அழுத்தவில்லை.

இன்று மறுபடி மேற்கு கறுத்திருக்கிறது.
அதே சாலை, அதே நாலு விரல் ஜன்னல்.
வேலிக்கு அப்பால் யாருடைய மாடுகளோ
மேய்வதை நிறுத்தித் தலைதூக்குகின்றன.
ஹாரன் அடித்தால் அவை நகருமா என்று
அவரிடம் கேட்டிருக்கலாம்.

அடித்துப் பார்த்தேன். ஒன்று மட்டும்
என் பக்கம் பார்த்தது.

திறந்தேன்.