கேட்டு போட்டுட்டான்

தீபாவளி போய் நாலு நாளாச்சு.
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறேன்.
கக்கத்தில் செய்தித்தாள் பொட்டலம்,
உள்ளே மாம்பழக் கலர் ரவிக்கை.
நூற்றுப் பதினேழு ரவிக்கையில்
சொன்ன நாளில் கொடுக்காத ஒன்று.
மங்கையர்க்கரசி பழைய ரவிக்கையோடு
புதுப் புடவை கட்டினாளாம்.
என்னைத் திட்டவில்லையாம்,
அதுதான் உறுத்துகிறது.

முந்தின ராத்திரி, இல்லை, விடிகாலை மூன்றரை வரை
எம்.சி. ரோட்டு மாடியில் மிஷின் ஓடியது.
வீட்டுக்கு வந்து
தலைக்கு எண்ணெய் வைக்காமலே சாய்ந்துவிட்டேன்.
தெருவே வெடித்ததாம்.
எனக்குக் கேட்டதெல்லாம்
பாபினில் நூல் தீர்ந்தபின்
துணிமேல் சும்மா இறங்கி ஏறும் ஊசிச் சத்தம்.

எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.
போனில் நூற்று நாற்பது வாழ்த்து.
ஒரே மத்தாப்பு
நூற்று நாற்பது வீட்டிலிருந்து வந்திருந்தது.
அப்போதே பதில் போட்டிருக்கலாம்.
கட்டைவிரல் மரத்துக் கிடந்தது.
மறுநாள் மழை.
அதற்கு மறுநாள், இனிமேல் எப்படி என்ற கூச்சம்.
கூச்சத்துக்கு வட்டி உண்டு,
ஒரு நாள் தள்ளினால் இரண்டு நாளாகிவிடும்.

எங்கள் பக்கம் யாரும்
தாமதமாகிவிட்டது என்று சொல்வதில்லை.
கேட்டு போட்டுட்டான் என்போம்.
பள்ளிக்கூடத்துக்கு, கம்பெனிக்கு, பந்திக்கு,
ஒருமுறை பிரசவத்துக்கும்.
போட்டவன் யாரென்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

கூட்ஸ் வந்தது.
எண்ணெய் டேங்கர்கள், உருளை உருளையாக.
நனைந்த பட்டாசுக் காகிதம்
தண்டவாள ஜல்லியில் ரோஸ் சேறாக ஒட்டியிருக்க,
நான் போனை எடுத்தேன்.

காஜா எடுக்கும் ஹாஜிராவுக்கு முதலில்.
பெட்டி நாலு போவதற்குள் பதில்:
'ரம்ஜானுக்கும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் அனுப்பின.
பரவால்ல, பழகிடுச்சு.'
குவைத்தில் இருக்கும் எபினேசருக்கு.
'அக்கா, கிறிஸ்துமஸ் வாழ்த்தும்
இப்பவே அனுப்பிடு, மிச்சம்.'
சீட்டுக்காரி வடிவாம்பாளுக்கு.
'சரி. பத்தாம் தேதி தவணை?'
சம்பந்தியம்மாவுக்கு, கொஞ்சம் மரியாதை சேர்த்து.
மேல்வீட்டில் குடியிருந்து மணலிக்குப் போன
அந்தப் பெண்ணுக்கு. பேர் மறந்துபோச்சு,
'ப்ளூ சுடிதார்' என்றுதான் போனில் இருக்கிறாள்.

அடுத்து எத்திராஜ் அண்ணன், எண்ணூர்.

அண்ணன் எதுவும் அனுப்பியிருக்கவில்லை.
ரெண்டு வருஷமாகவே இல்லை.
என் மகன் கல்யாணத்துக்கு
தாலி கட்டி, சாப்பிட்டு, இலை எடுத்து,
மண்டபத்தில் நாற்காலி அடுக்கும்போது வந்தார்.
கேட்டு போட்டுட்டான்மா என்றார்.
எனக்குத் தெரியாத கேட்டா என்றேன்,
எல்லார் முன்னாலும்.
மொய்க் கவரை நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார்.

இருபதாவது டேங்கரா, இருபத்தொன்றா,
எண்ணிக்கை விட்டுப்போச்சு.
பண்டிகையன்றைக்கு என்றால்
மத்தாப்போடு மத்தாப்பாகப் போயிருக்கும்,
அவரும் பார்க்காத மாதிரி இருந்திருப்பார்.
நாலாம் நாள் அனுப்புவதற்குப்
படமெல்லாம் கிடையாது.
நாமேதான் எழுத வேண்டும்.

'அண்ணா, தீபாவளி வாழ்த்து.
லேட்டாயிடுச்சு.
கேட்டு போட்டுட்டான்.
லோகநாயகி.'

பேர் எதற்குப் போட்டேன் என்று தெரியவில்லை.
நம்பரை அழித்திருந்தால்?

கடைசி டேங்கர் போய்
கார்டு பெட்டியும் போனபின்
எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் தெரிந்தார்கள்,
எங்களைப் போலவே
மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.
கேட்டு முழுசாக ஏறுமுன்பே
குனிந்து நுழைந்தன பைக்குகள்.
போனைப் பொட்டலத்துக்குள் செருகி
புடவையைத் தூக்கிப் பிடித்து
இரண்டாவது தண்டவாளத்தில் கால் வைக்கும்போது
ரவிக்கைக்குள் போன் அதிர்ந்தது.

வடிவாம்பாளாக இருக்கும், தவணைக்கு.
முதுகில் ஆட்டோ ஹாரன் வேறு.
அந்தப் பக்கம் போய்
ஒரு ஓரமாக நின்று பார்க்கணும்.