வராதவர்களின் தட்டு

பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர்.
தர்வேஷ் பெயர் இல்லை.
குலைகள் கனத்த மாதத்தில்
அவன் அப்பா ஓவர்டைம் செய்து
லாரியில் செம்பனைப் பழம் ஏற்றினார்.
சம்பளச் சீட்டு பதினெட்டு ரிங்கிட்
வரம்பைத் தாண்டிவிட்டது.
அடுத்த மாதம் மழை, சம்பளம் இறங்கியது.
பாரம் அதற்குள்
மாவட்ட அலுவலகம் போய்விட்டது.

ஓய்வு மணி அடித்தால்
எல்லாரும் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடுவார்கள்.
இவன் வெண்பலகை துடைப்பான்.
ஊத்தான் மெலிந்தாங்கில் எந்த வகுப்பிலும்
இவ்வளவு வெள்ளையாய் ஒரு பலகை இல்லை.
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது,
அவனுடைய ழகரத்தைக் கவனிக்கும்வரை:
ஏழரைக்கு வால் சுழித்து நிற்கும் எழுத்து
பத்தரைக்குமேல் வாலை இழந்து
கோட்டுக்குக் கீழே சரிந்து கிடக்கும்.

பவுனக்காவிடம் சொன்னேன்.
கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டுக் கேட்டார்:
"இன்னிக்கு யாரு வரல?"

அப்படித் தொடங்கியது.
திங்கள் லோஷினிக்குக் காய்ச்சல்,
அவள் சோறும் கோழிக் குழம்பும் அவனுக்கு.
செவ்வாய், அப்பாவின் மோட்டார் பழுதான
கவினேஷின் மீ ஹூன்.
செம்மண் பாதை சகதியான வாரம்
மூன்று பேரில் யார் பெயருக்குச் சாப்பிடுவதென்று
அவனே நின்று யோசித்தான்.
யார் பெயரில் தின்றாலும்
ழகரத்துக்கு வால் முளைத்தது.

ஆனால் சோறு சும்மா இருக்குமா?
பிள்ளைகளை இழுத்தது.
காய்ச்சல்காரி தைலம் பூசிக்கொண்டு வந்தாள்.
மோட்டார் இல்லாதவன் நடந்து வந்தான்.
ஆகஸ்டில் ஒரு புதன்,
நாற்பத்து மூன்றும் வந்துவிட்டன.
சபைகூடலில் தலைமையாசிரியர் கைதட்டச் சொன்னார்.
தர்வேஷும் தட்டினான்.

ஓய்வில், வரிசைக் கடைசியில் நின்று
தட்டுகளை எண்ணினான்.
திரும்பி நடந்தான்.
நான் கூப்பிடவில்லை.
என்ன சொல்லிக் கூப்பிடுவது?

சமையல்கட்டில் எண்ணெய் சீறியது.
பவுனக்கா என்னைப் பார்க்காமலே,
"கோழி என்ன பட்டியல் பாத்தா
முட்டை போடுது, டீச்சர்?
போயி பயலக் கூட்டியா."

பதிவேட்டில் நாற்பத்து நான்கு என்று போட்டு
அவன் பெயரை எழுதினேன்.
பென்சிலில் அல்ல.
அதிகாரி வந்தால் வரட்டும்,
ஒரு முட்டைக்குக் கணக்கு
நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாடியில், துடைப்பானோடு நின்றிருந்தான்.
"போதும்டா. மிச்சத்தை நான் துடைக்கிறேன்."
படிக்கட்டில் தடதடவென்று இறங்கும் சத்தம்.

பலகையைப் பார்த்தேன்.
கூட்டல் கணக்கு அப்படியே இருந்தது,
தேதி இருந்தது.
மூலையில், 'வராதோர்' என்பதற்கு எதிரே
காலையில் நான் போட்ட சுழியத்தை மட்டும்
சுத்தமாக அழித்திருந்தான்.