படத்தில் ஒரு ஓட்டை

ஹௌகெசுண்ட் துறைமுகத்தில் மூன்றரைக்கே இருட்டு.
கடைசல் எந்திரத்தின் விளக்கடியில்
சுருள்சுருளாய்க் கழன்று விழுகிறது பீக்,
பழைய பியானோக் கட்டைகளின் நிறத்தில்.
இரும்பு கடைந்து பழகிய கைக்கு
முதலில் இது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது.
எடையே இல்லை, எதைத் தாங்கும்?

முந்நூற்று நாற்பது டிகிரி வரை உருகாது.
கடலடிக் கிணற்றில்
கொதிக்கும் எண்ணெய்க்கும் உப்புக்கும்
முகம் சுளிக்காது.
அவசரம் மட்டும் ஆகாது அதற்கு.
அடுப்பில் வைத்து
மணிக்குப் பத்து டிகிரியாய் ஆறவிட வேண்டும்.
உள்ளிறுக்கம் தணியுமுன் வெட்டினால்
மாலைவரை அளவு சரியாயிருக்கும்;
காலையில் வந்து பார்த்தால்
வளையம் முட்டையாகிக் கிடக்கும்.

எய்வின் மேடையிலிருந்து விழுந்தது மார்ச்சில்.
நெற்றியெலும்பில் உள்ளங்கை அகலம் போயிற்று.
பெர்கனில் இதே இனத்துப் பிளாஸ்டிக்கில்,
மருத்துவத் தரம், விலை பல மடங்கு,
தகடு செய்து திருகினார்கள்.

நேற்று எக்ஸ்ரேயை ஜன்னலில் ஒட்டிக் காட்டினான்.
என் தம்பி தலையில் ஓட்டை.
ஓரத்தில் நான்கு வெள்ளைப் புள்ளிகள்,
டைட்டானியத் திருகுகள்,
எதற்கென்று தெரியாமல் காவல் நிற்கின்றன.
கதிர் இதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும் என்றாராம் டாக்டர்.
"அப்போ இங்குன், அங்க எனக்கு ஒண்ணுமே இல்லையா?"
சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

வளையங்களைச் சோதிக்கிற பழக்கத்தில்
நகத்தால் தட்டிவிட்டேன் அவன் நெற்றியில்.
"வலிக்குதா?"
"இல்ல.
கேக்குது."