கடைசி பங்க்

ஊத்துக்கோட்டையில் கடைசி பங்க் எங்களுடையது.
அதைத் தாண்டினால் ஆந்திரா,
லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூட.
அந்தப் பக்கத்து வண்டியெல்லாம்
இந்தப் பக்கம் வந்து
வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்பும்.

"சீரோ பாத்துக்கோங்க சார்."
"ஜீரோ சூஸ்கோண்டி."
காலை ஆறு மணியிலிருந்து இந்த இரண்டே வரி.
தூக்கத்திலும் சொல்கிறேனாம்,
மோக்ஷித் சொல்லிச் சிரிக்கிறான்.

சட்டையில் குத்தியிருக்கும் பெயர் தேசம்மா.
"எந்த தேசம், அம்மா?" என்றான் ஒருவன்,
கண்ணாடியை இறக்காமலேயே பாதி.
விலை குறைந்த தேசம் சார் என்றேன்.
சிரித்துவிட்டுச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டான்.

மீட்டரில் லிட்டர் நடக்கும், ரூபாய் ஓடும்.
மூவாயிரத்து அறுநூறில் வந்து நிற்கிறது ஒரு வெள்ளைக் கார்.
என் வாடகை அது,
கரண்டுக்கு நூறும் சேர்த்து.
குழாயை மாட்டிவிட்டுக் கையைத் துடைக்கிறேன்.

போன ஆடியில் வாடகை ஐநூறு ஏறியது,
பள்ளி வேன் நின்றது.
"நடந்தா கால் நீளமாகும்டா."
நம்பினான், இல்லை நம்பியதாகக் காட்டினான்.
நீண்டதென்னவோ நிஜம்.
பேண்ட் கணுக்காலை விட்டு மேலே போய்விட்டது.
அதற்கொரு செலவு இப்போது.

எண்ணெய் பாக்கெட் அரை லிட்டராயிற்று,
பிறகு கால்.
ஐம்பது மில்லியும் அளந்து தருவார்கள் என்று
ரெட்டியார் கடையில்தான் தெரிந்துகொண்டேன்.
தக்காளி மதனப்பள்ளியிலிருந்து வருகிறது,
வழியெல்லாம் விலையேறிக்கொண்டே வருகிறது.
நாலு கொடுங்க என்றால்
நாலு கிலோவா என்கிறார் பையன்.
இல்லப்பா. எண்ணி நாலு.

கணவர் பெயர் என்ற கட்டத்தில்
கோடு போடப் பழகிவிட்டேன்.
முதல் வருடம் கோணிக்கொண்டு போனது.
இப்போது ஸ்கேல் இல்லாமலே நேராக வருகிறது.

பிரதோஷத்தன்று கூட்டம் கொல்லும்.
சுருட்டப்பள்ளிக்குப் போகிற கார்கள்
ரோடு வரை வரிசை கட்டும்.
அங்கே சாமி படுத்திருக்கிறார்,
விஷம் குடித்த அசதி.
எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை.
ஆனால் தலை சாய்க்க
அவருக்கொரு மடி இருக்கிறது.
நான் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன்,
குதிகாலில் வெடிப்பு,
குளித்தாலும் போகாத பெட்ரோல்.

நேற்று ராத்திரி கணக்கில்
இருநூற்றுப் பத்து குறைந்தது.
மேனேஜர் திட்டவில்லை.
நோட்டைத் திருப்பி
என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார்.
எங்கே விட்டேன்?
நாகலாபுரத்து பைக்கிலா, செங்கல் லாரியிலா,
போன் பேசிக்கொண்டே ஐநூறை நீட்டிய
அந்தப் பச்சைப் பட்டுப்புடவையிடமா?
வீடு வரை எண்ணிக்கொண்டே நடந்தேன்.
நாய் குரைத்தபோது எண்ணிக்கை தப்பி
முதலிலிருந்து.

உள்ளே மோக்ஷித்
சிலிண்டரைச் சாய்த்து ஆட்டி
டாக்டர் போலக் காதை வைத்துக் கேட்டான்.
"இன்னும் அஞ்சு தோசை இருக்கும்மா."

அதற்குள் சுட்டுவிட வேண்டும் என்று
அவசர அவசரமாக ஊற்றினேன்.
நாலாவது வெந்துகொண்டிருக்கும்போது
கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு
உட்காரச் சொன்னான்.
காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறேன்,
முழங்கால் மடங்கவே யோசிக்கிறது.

தட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
வெறும் தட்டு, அதில் டியூப்லைட் ஒரு கோடாக.
"சீரோ பாத்துக்கோங்க மேடம்."

பார்த்தேன்.

"ஃபுல்லா?"

அவன் முதுகுக்குப் பின்னால் அடுப்பில்
நீலம் சிவந்து
துடிக்கத் தொடங்கியிருந்தது.

"அம்பது ரூபாய்க்குப் போடுப்பா.
போதும்."