நாற்பத்தொன்றாவது வரிசை

போராஸில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
இருநூறு ஊசிகள்
கொக்கி வாயைத் திறந்து காத்திருக்கின்றன.

பின்னல் வண்டியை வலப்பக்கம் தள்ளுகிறேன்: சர்ரக்.
இடப்பக்கம்: சர்ரக்.
நாற்பது வரிசை.
ஒரு சாண் சாம்பல் கம்பளி.

நாற்பத்தொன்றில்
நூல் கோக்க மறந்திருந்தேன்.

எடைக்கட்டிகள் தரையில் இடிக்க
துணி முழுசாய்க் கழன்று
என் பூட்ஸ்மேல் விழுந்தது.
அடுத்த இயந்திரத்தில் இல்வா
தலை நிமிராமல் சொன்னாள்:
"எனக்கு இன்றைக்கு மூன்றுதரம்."

நுனியை இழுத்தேன்.
மதியம் முழுக்கப் போட்டது
ஒரு நிமிடத்தில் பிரிந்தது.
நூல் மட்டும் நிமிரவில்லை.
ஒவ்வொரு கண்ணியும் வளைத்த இடத்தில்
வளைந்தே கிடந்தது,
நூடுல்ஸ் மாதிரி.

அதையே மறுபடி கோத்தேன்.
தள்ளுமுன்
ஒருதரம் சுண்டிப் பார்த்தேன்,
பூட்டிய பூட்டை
இழுத்துப் பார்ப்பதுபோல்.

சர்ரக்.