பெரட்டு

ஊத்தான் மெலிந்தாங் ஆலை ஆபீசில்
சம்பளத்துக்கு முந்தின நாள்
எல்லாக் கணினியும் ஒன்றாக மூச்சை நிறுத்தின.
இடமில்லை என்றது சர்வர்.
பாதிக்கு மேல் காலி என்றது அதே சர்வர்.
இரண்டும் நிஜம்.

மானேஜர் புது டிஸ்க் வாங்கச் சொன்னார்.
பொறுங்க சார் என்றேன்,
நிலம் கிடக்கு, பட்டாதான் தீர்ந்து போச்சு.

எடைமேடையில் லோரி ஏறினால் ஒரு கோப்பு,
இறங்கினால் ஒன்று.
செம்பனைக் காட்டில் யாரோ குலை வெட்டி
போனில் தட்டினால் அதற்கொன்று, அரை வரி:
ஆள் எண், நிரை, பழமா காயா.
ஆறு வருஷம்,
அத்தனையும் ஒரே கோப்புறையில்.
நாலு மில்லியனோடு எண்ணுவதை விட்டேன்.

கணக்குப் பிரிவு தமயந்தி அதைத் திறந்து வைத்துவிட்டு
மீ கோரிங் வாங்கப் போயிருந்தாள்.
அவளுக்குத் தெரியாமலே உள்ளே பெரட்டு நடந்தது.
ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு
வந்தாயா, எடை எவ்வளவு, எப்போது பிறந்தாய்,
பிறகு எல்லாரையும் அகரவரிசையில் நிறுத்தி.
அது முடியும்வரை
மற்றவர் வாசலில் நிற்க வேண்டும்.
பொதுவில் வைப்பதென்றால் அப்படித்தான்.

அவள் சாளரத்தை மூடினேன்.
வரிசை வேண்டாம், கிடக்கிறபடி சொல் என்றேன்.
சொல்லத் தொடங்கியது,
தகரக் கூரையில் மழை.

இரவு முழுக்க நிரை பிரித்தேன்,
வருஷம், அதற்குள் மாதம், அதற்குள் நாள்.
பழைய நாட்களை
உதிரிப்பழம் அள்ளுவதுபோல் அள்ளி
நாளுக்கொரு சாக்கில் கட்டினேன்.
சாக்குக்கு ஒரு பேர் போதும்.

மூன்று மணிக்கு
ரொபியுல், நிரை முப்பத்தேழு, மார்ச் ஒன்பது,
பூஜ்யம் பைட்.
பேர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.
காலிக் கோப்பையெல்லாம் துடைக்கும் கட்டளையை
ஏற்கெனவே அடித்து வைத்திருந்தேன்,
ஒரு தட்டு தட்டினால் போதும்.

அவர் பேரில் மட்டும் எழுபத்திரண்டு.
எல்லாம் முப்பத்தேழு,
ஓடைப் பக்கம், சிக்னல் செத்துப்போகும் இடம்.
அங்கே வெட்டிய மற்ற பேர்களும் காலி.
குலைக்குக் குலை கூலி.

கட்டளையைப் பின்னோக்கி ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.
காலிகளைச் சாக்கில் போடவில்லை.
தனியே வைத்து
‘கேட்க வேண்டியவை’ என்று பேரிட்டேன்.

காலையில் தமயந்தி தட்டினாள்,
உடனே திறந்தது.
என்னைப் பார்த்தாள்.
எதையோ அழிச்சிட்டியா?