உதடு ஒட்டாத ஊர்கள்

முதலில் புளிப்புதான் காட்டிக்கொடுத்தது.
பச்சைப் பிளம் துவையல் நாக்கில் பட்டதும்
காதுமடலுக்குக் கீழே யாரோ
ஊசியைத் திருகினார்கள்.
மறுநாள் தாடை பன் ரொட்டியாய் உப்பியது.
ஐந்தாம் நாள் குடித்த தேநீர்
வலப்பக்கமாக வழிந்து
மமுக்காவின் வழிச்சீட்டை நனைத்தது.

மருத்துவர் கேதெவான் கன்னத்தை அழுத்த
வாய்க்குள் ஒரு சிறு துளை சீழைத் துப்பியது.
"எச்சில் சுரப்பியில் தொற்று, சியாலா.
முகத்து நரம்பு அதற்குள் புகுந்துதான் போகிறது,
சந்தைக்குள் போகும் சாலை மாதிரி.
சந்தையில் கலவரம். வண்டி நின்றுவிட்டது."
கட்டியோ என்று படம் எடுத்தார். இல்லை.
வழக்கமாக இப்படி ஆகாது என்றார்.
வழக்கமாக ஆகாததுதான் எனக்கு ஆகும்.

வலக்கண் மூட மறுத்தது.
இரவில் களிம்பு தடவி, பிளாஸ்திரி ஒட்டி,
அடம்பிடிக்கும் பிள்ளையைப் போல
அதைத் தனியே தூங்கவைத்தேன்.

பிறகு ஊர்கள் போயின.
குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
பதினோரு வருடமாக ஒலிபெருக்கி என்னுடையது.
பத்தூமி போயிற்று. போர்ஜோமி போயிற்று.
சம்த்ரேதியா பாதியில் இறங்கிக்கொண்டது.
உதடு சேர்ந்தால்தானே அவை ஊர்.
"ஹத்தூஹி" என்றேன்;
ஒரு கிழவர் திபிலிசி வண்டியில் ஏறிவிட்டார்.

எஞ்சியதைக் கேட்டுக்கொள்ளுங்கள்:
ஏழரைக்கு சேனாக்கி.
எட்டேகாலுக்கு கோரி.
ஒன்றரைக்கு ஓனி, சாலை சரியில்லை.
சில்லறை தந்தால் நல்லது.
சிரிக்கிறேன்.
இடக்கன்னத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

ஆறு நாற்பது பத்தூமி வண்டி மமுக்காவுடையது.
ஊரும் ஓட்டுநரும் ஒரேயடியாகத் தொலைந்ததால்
"அது கிளம்புகிறது" என்று மட்டும் அறிவித்தேன்.
பயணிகள் புரிந்துகொண்டார்கள்.
அவன் மட்டும் கண்ணாடிக்கு அப்பால் நின்று
தினமும் கத்துவான்: "எது?"
நிலையமே சிரிக்கும்.
கோபத்தைக் காட்டலாமென்றால்
நெற்றியின் பாதி சுருங்கவில்லை.
அரைக்கோபம் எவனுக்கு உறைக்கும்?

நாற்பத்தொன்றாம் நாள் விசிலடித்துப் பார்த்தேன்.
வெறும் காற்று.
ஐம்பதாம் நாள், பல் துலக்கும்போது,
வாயோரம் மீன் தூண்டிலைத் தொட்டுப் பார்ப்பது போல்
ஓர் அசைவு.
யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி வருகிறதா என்று
நுரையோடு நின்று காத்திருந்தேன். வந்தது.

ஆறு முப்பத்தெட்டு.
ஒலிபெருக்கியைத் திறந்து,
உதட்டோரத்தை விரலால் தாங்கிப் பிடித்து,
இழுத்தேன்:
"ம..."

கீரைக்காரியும் காவலாளியும் திரும்பினார்கள்.
கண்ணாடிக்கு அப்பால் அவன் "எது?" என்று கேட்கவில்லை.

ஒரு ம வந்துவிட்டது.
பெயருக்கு இரண்டு வேண்டும்.
மணி ஆறு நாற்பத்து மூன்று.
வண்டி இன்னும் கிளம்பவில்லை.